உப்பு வைக்கச் சொன்னான்

இரண்டு பிளாஸ்டிக் வாளிகளோடு நட்டநடு வெயிலில் ஆறுமுகநேரி உப்பளத்துக்கு வந்து, "அண்ணாச்சி, சோளத்துக்கு உப்பு வைக்கணும், ஒரு மூட்டை குடுங்க" என்று கேட்ட முதல் மனிதர், அந்தக் கரையில் உப்பு விளையத் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்தாலும், ஏசுவடியானாகத்தான் இருக்க வேண்டும்.

உப்பளக்காரர் ஆவுடையப்பன் ஓலைக் கொட்டகை நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். இதைவிடப் பெரியதையெல்லாம் இந்த வாயிலிருந்து கேட்டவர் அவர். தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலத்தில் ஏசுவடியானின் கேபினுக்குள் ஒரு கடற்காகம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததாம். அந்தக் குஞ்சு இன்றைக்கும் மாசம் பிறந்தால் அவர் வீட்டு மொட்டை மாடியில் வந்து உட்கார்ந்து, பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போகிறதாம். அதற்கு முன்னால் சோளத்துக்கு உப்பெல்லாம் எந்த மூலைக்கு.

"அவிச்சுத் திங்கதுக்கா அண்ணாச்சி?"

"செடிக்கு. ஒரு செடிக்கு ஒரு சிட்டிகை."

"அப்படியே கொஞ்சம் மொளகுப் பொடியும் வச்சிருங்க. பறிச்ச கையோட திங்கலாம்லா."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒருவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். மற்றவர், கேலிக்குக் கேலிதான் மரியாதை என்று சிரித்தார். ஆவுடையப்பன் தன் ஆளைக் கூப்பிட்டு, அம்பாரத்தின் அடியிலிருந்து நல்ல கல்லுப்பாகப் பார்த்து ஒரு மூட்டை கட்டி, ஏசுவடியானின் ஸ்கூட்டரில் ஏற்றச் சொன்னார். விலையைப் பற்றிப் பேச விடவில்லை. "நமக்குள்ள என்ன. பண்டிகை முடிஞ்சா உங்க நிலம் எங்க பாத்தியோட சேரப் போகுது" என்றார். சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

ஏசுவடியானின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

நிலம் அவருடையது அல்ல, அவர் மனைவி ஞானபாக்கியத்துக்கு அவள் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர். மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் ரோடு. சுற்றிலும் கண்ணைப் பறிக்கிற வெள்ளை. நடுவில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பாய் மாதிரி இந்த ஒரு துண்டு மண். அதன் மூலையில் ஒரு கிணறு. பக்கத்துப் பாத்தியில் கடல் காய்ந்து கல்லாகிக் கொண்டிருக்க, இந்தக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இனித்துக் கிடந்தது. அதில் டீ போட்டால் சீனி வேண்டாம் என்பார் ஏசுவடியான். சர்க்கரை வியாதிக்காரர்கள் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவே கூடாது என்றும் சொல்வார்.

ஞானபாக்கியத்துக்கு அந்த நிலத்தின் மேல் கோபம் கிடையாது, நம்பிக்கைதான் போயிருந்தது. பல வருஷமாகத் தரிசு. அவளுக்கு முழங்காலில் வலி. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஜெப்ஸி, இரண்டு பேரும் வந்து கூட இருங்கள் என்று வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். குத்தகைக்கு விட்டுவிட்டுப் போவோம் என்று அவள் சொன்னபோதுதான், ரிட்டயர் ஆன நாளிலிருந்து சும்மா இருந்து சும்மா இருந்தே களைத்துப்போயிருந்த ஏசுவடியான், அங்கே பேபி கார்ன் போடப்போகிறேன் என்று எழுந்தார். இரண்டு மாதத்தில் கதிர். காயல்பட்டினத்து ஹோட்டல்காரர்கள் இப்போதே வரிசையில் நிற்கிறார்கள். துபாய்க்கு ஒரு விமானம் இதற்கென்றே பறக்கப்போகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"ஸ்தோத்திரப் பண்டிகைக்குள்ள ஒரு வெளைச்சல் காட்டுங்க. காட்டலைன்னா ஆவுடையப்பண்ணாச்சிக்கு நான் வாக்குக் குடுத்துருவேன். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது."

சபையார் விளைச்சலை ஆலயத்தில் படைக்கிற பண்டிகை அது. அவள் சொன்னதன் பொருள் ஏசுவடியானுக்குத் தெரியும். உப்பளம் என்றால் முதல் வேலை கடல் தண்ணீரை உள்ளே விடுவது. ஒரு தடவை விட்டால் போதும். அப்புறம் அந்த மண் மண்ணாகத் திரும்பாது. கிணறும் திரும்பாது.

எனவே ஒழுங்காகத்தான் செய்தார். சாத்தான்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிற தங்கை மகன் ரெக்சன் போனில் சொல்லச் சொல்ல, வார்த்தை பிசகாமல் செய்தார். மண்ணை அணைத்துப் பார் கட்டி, பாரின் பக்கவாட்டில் விதையை ஊன்றினார். மூன்றாம் நாள், மண் ஈரமாக இருக்கும்போதே, களை முளைக்குமுன் அடிக்கிற மருந்தைத் தெளித்தார். தெளித்த இடத்தில் கால் படக்கூடாது என்று பின்பக்கமாகவே நடந்து தெளித்தார். கப்பலை ரிவர்ஸில் எடுத்த மாதிரி இருந்தது என்று ரெக்சனிடம் போனில் வர்ணித்துக்கொண்டே தெளித்ததில், கிணற்று மூலையில் எங்கே விட்டோம் என்பது மறந்துபோனது. வர்ணனை முடிந்தபோது டேங்க்கில் மருந்தும் முடிந்திருந்தது. அந்த மூலையில் சாரணைக் களை பாய் விரித்துக்கொண்டது. கோரை, மருந்து விழுந்த இடத்திலும் விழாத இடத்திலும், யாரையும் கேட்காமல் ஈட்டி ஈட்டியாக எழுந்தது.

சோளம் முழங்கால் உயரம் வந்து, அதன் பிறகு என்ன காரணமோ சோர்ந்து நின்றது. இலையெல்லாம் கழுவிக் கழுவி வெளுத்த சட்டை நிறம். ரெக்சனுக்குப் படம் எடுத்து அனுப்பினார். ரெக்சன் அந்த நேரம் ஏதோ கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவில் இருந்தான்.

"மாமா, மொதல்ல களைய வெட்டுங்க. வெட்டுன பொறவு உப்பு வைங்க. மாத்திச் செஞ்சிராதீக. ஒரு செடிக்கு ஒரு சிட்டிகை, தண்டுல படாம நாலு விரக்கடை தள்ளி வச்சு மண்ணப் போட்டு மூடிருங்க."

"உப்பு இருக்காலே உன் கடையில?"

"இங்கன இருந்து எதுக்கு தூக்கிட்டு அலையுதீக. அங்கனயே வாங்கிருங்க மாமா."

ஏசுவடியானுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் கடற்கரையில் தென்னைமரத்துத் தூரில் கல்லுப்பு போடாத வீடு உண்டா. தென்னை தின்கிற உப்பைச் சோளம் தின்னாதா. அதிலும் 'அங்கனயே வாங்கிருங்க' என்றால், ஆறுமுகநேரியில் இருப்பவன் உப்புக்கு வேறு எங்கே போவான்.

*

களை வெட்ட இன்பமணி வந்திருந்தாள். அவளோடு அவளுடைய ஏழெட்டு ஆடுகளும் வந்திருந்தன. ஆடுகளை ரோட்டோரம் விட்டுவிட்டு, கிழக்குப் பக்கத்திலிருந்து வரிசை வரிசையாகக் கொத்திக்கொண்டே போனாள். அவள் முடித்த வரிசையில் ஏசுவடியான் வாளியோடு பின்னாலேயே போனார். ஒவ்வொரு செடியிடமும் குனிந்து, நாலு விரல் அளந்து, உப்பு வைத்து, மண் மூடி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை ஐயர் மாதிரி ஒரு வார்த்தையும் சொல்லி நிமிர்ந்தார். முதல் மூன்று வரிசை முடிந்ததும் ஆர்வம் தாங்கவில்லை. மோட்டாரைப் போட்டு அந்த வரிசைகளுக்கு மட்டும் தண்ணீரையும் பாய்ச்சினார். மற்றதற்கெல்லாம் மொத்தமாகச் சாயங்காலம் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

பாதி நிலம் தாண்டியபோது ரோட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஞானபாக்கியம் இறங்கினாள். விதைத்த நாளுக்குப் பிறகு அவள் அங்கே வரவே இல்லை. இப்போது வந்தவள், வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு, வரப்பில் நடக்காமல் நேரே நிலத்துக்குள் இறங்கி வந்தாள்.

"என்ன வைக்கீக?"

"உப்பு."

"என்ன உப்பு?"

"உப்புல என்ன ஏளா என்ன உப்பு. உப்பு."

அவள் குனிந்து வாளிக்குள் கையை விட்டாள். கையில் வந்தது வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது. அதற்குள் இன்பமணி முன் வரிசையிலிருந்து சத்தம் போட்டாள்.

"அக்கா, இந்த ஆடு செய்யுத வேலையப் பாருங்க."

ஆடுகள் நிலத்துக்குள் வந்துவிட்டிருந்தன. ஆனால் ஒரு ஆடும் சோளத்தைக் கடிக்கவில்லை. எட்டு ஆடும் ஒரே வரிசையில், ஆலயத்தில் முழங்காலிட்ட மாதிரி முன்னங்காலை மடக்கி, மூக்கால் மண்ணைத் தள்ளி, செடியின் அடியை நக்கிக்கொண்டிருந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. அப்படியொரு பக்தியை அந்த வட்டாரத்தில் எந்தச் சபையிலும் பார்த்திருக்க முடியாது.

"யூரியாவ நக்குனா ஆடு செத்துல்லா போகும்," என்றாள் இன்பமணி. "இதுக என்னன்னா நாக்கச் சொழட்டிச் சொழட்டி நக்குதுக."

"யூரியாவா? யூரியா யாரு வச்சா?" என்றார் ஏசுவடியான்.

ஞானபாக்கியம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ரெக்சன் என்ன சொன்னான்?"

"உப்பு வைக்கச் சொன்னான்."

"ஏங்க, உப்புன்னா உப்பா?"

"உப்புன்னா உப்பு இல்லாம?"

"வெவசாயத்துல உப்புன்னா யூரியா. எங்கப்பா இந்த வரப்புல நின்னு எத்தனை தடவை சொல்லிருக்காக, உப்பு வச்சாச்சா, உப்பு வச்சாச்சான்னு. சோத்துக்குப் போடுத உப்பக் கொண்டாந்து யாராவது வயல்ல வைப்பாகளா?"

இன்பமணி களைக்கொத்தை நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். ஏசுவடியான் மட்டும் நின்றபடி நின்றார். பேச்சு வராமல் அவர் நின்றதைப் பார்த்த மனிதர்கள் உலகத்தில் மூன்று பேர் இருந்தால் அதிகம். அதில் இரண்டு பேர் இப்போது அங்கே இருந்தார்கள். சுற்றியிருந்த உப்பு அம்பாரங்களெல்லாம் தலைக்குமேல் பனையோலையைப் போர்த்திக்கொண்டு அவரைப் பார்ப்பது போலிருந்தது. நிலத்தை உப்பிடமிருந்து காப்பாற்ற வந்தவர், எதிராளியின் உப்பையே ஓசியில் வாங்கி, தன் கையால் சிட்டிகை சிட்டிகையாகக் குழியில் வைத்து, அதற்குத் தண்ணீரும் விட்டிருக்கிறார்.

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்றார் கடைசியில்.

"ஆவுடையப்பண்ணாச்சி போன் பண்ணாக. ஒங்க வீட்டுக்காரரு சோளத்துக்கு வைக்க உப்பு வாங்கிட்டுப் போறாரு, மொளகும் வேணும்னா சொல்லச் சொல்லுங்கன்னு. ஒரே சிரிப்பு. அவுக நீங்க சும்மா சொல்லுதீகன்னு நெனச்சிட்டாக."

அவள் அப்படி நினைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் கண்டுபிடித்தது இது: இந்த மனிதர் சொல்வதன் அளவுதான் பொய், காரியம் மெய். கடற்காகம் கேபினில் முட்டையிட்டதை அவளே ஏறிப் பார்த்திருக்கிறாள்.

அப்போது ஒன்று செய்திருக்கலாம் அவள். ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். வீட்டிலேயே இருந்து, ஃபேன் காற்றில் காலை நீட்டிக்கொண்டு, சாயங்காலம் அவர் தண்ணீர் பாய்ச்சி முடிக்கட்டும் என்று விட்டிருந்தால், ஒரு வாரத்தில் சோளம் கருகியிருக்கும், அவளும் கோயம்புத்தூர் போயிருப்பாள். ஏசுவடியானுக்கு அது ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றடியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, முதல் செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள் என்பதுதான். முழங்கால் மடங்காது என்று ஆலயத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவள்.

"தண்ணி விட்ட மூணு வரிசை போனது போகட்டும். ஈரம் படாததைத் தோண்டி எடுப்போம். ஏளா இன்பமணி, சிரிச்சது போதும், ஆட்ட வெரட்டிட்டு வா."

மூன்று பேரும் தோண்டினார்கள். கல்லுப்பு கல்லாகவே இருந்தது. சிரட்டையில் மண்ணோடு அள்ளி, வாளியில் போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆடுகள் அங்கே போய்விட்டன. அன்றைக்கு அந்த முக்கால் ஏக்கர் முந்நூறு ஏக்கராக நீண்டது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தபோது நிலத்தின் மறு எல்லையில் இலங்கை தெரிந்தது என்று ஏசுவடியான் பின்னால் சொன்னார். அதை ஞானபாக்கியம் மறுக்கவில்லை.

*

மறுநாள் உர டிப்போவிலிருந்து மூட்டை வந்தது. தைத்திருந்த நூலைப் பிரித்து, உள்ளே கையை விட்டதும் ஏசுவடியான் அப்படியே நின்றார்.

குளிர்ந்தது. கடுகு மாதிரி விரல் சந்துகளில் வழுக்கி ஓடியது. வேப்பெண்ணெய் வாசனைக்கு அடியில், மூக்கை அரிக்கிற அந்தப் பழைய வாடை. கண்ணைக் கட்டிவிட்டு ஆயிரம் மூட்டைக்கு நடுவில் நிறுத்தினாலும் அவருக்குத் தெரியும். இதைத்தான் வாழ்நாளெல்லாம் தூக்கினார். தரையிலிருந்து ஏழு பனைமர உயரத்தில் கேபின், கண்ணுக்கு நேராகப் பறக்கிற பறவைகள், கீழே கப்பலின் வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. கிரேனின் கிராப்பை இறக்கினால் யானைக் கை மாதிரி வாயைப் பிளந்து ஒரு லாரிச் சுமையை ஒரே வாயில் கவ்வும். கப்பல் போனால் அடுத்த கப்பல். பனிமய மாதா கோவில் கோபுரம் மூடிப்போகிற அளவு குவித்திருப்பார், இமயமலைக்குக் கடன் கொடுக்கிற அளவு குவித்திருப்பார். அவருக்கு அது கார்கோ. சட்டைக் காலரில் ஒட்டும், கண்ணில் நீர் வரவைக்கும், மழை வந்தால் ஓடிப்போய் கப்பலின் மேல்கதவான ஹேட்சை மூட வைக்கும். லாரிகள் வரிசையாக வந்து ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ரோட்டில் போகும். போனது எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்று ஒரு நாள்கூட அவர் நினைத்துப் பார்த்ததில்லை. கிரேனுக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

"ஏளா, இது நம்ம சரக்கு."

"ஆமா. இதத்தான் உப்புங்காக."

"இத ஒரு நாளைக்கு நான் எவ்வளவு எறக்கிருப்பேன் தெரியுமா."

"தெரியும். இதுக்கு ஒரு சிட்டிகை போதும்."

அவர் சிட்டிகை எடுத்தார். ஊரளவு மலையை வெட்டி இறக்கிய கை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்தது. நாலு விரல் தள்ளி வைத்து, மண்ணால் மூடினார். அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் காலையில் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பியவர், வேறு யாருடைய நிலத்துக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தார். வெளுத்த சட்டை நிறம் போயிருந்தது. நடு நரம்பிலிருந்து தொடங்கி இலை நுனிவரை பச்சை ஏறியிருந்தது. பச்சை என்று சொன்னால் போதாது. பச்சைக்கு ஒரு அண்ணன் இருந்தால் அந்த நிறம். அடுத்த வாரத்தில் இடுப்பு, அதற்கடுத்த வாரத்தில் நெஞ்சு. ஒரு மத்தியானம் தொப்பியைக் கழற்றி ஒரு செடியின் உச்சியில் மாட்டிவிட்டுச் சோறு தின்னப் போனார். கைகழுவிவிட்டு வந்தபோது தொப்பி எட்டவில்லை. இதை அவர் சத்தியம் பண்ணிச் சொன்னார். அந்தத் தொப்பியை ஞானபாக்கியம் வீட்டில் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்பது வேறு விஷயம்.

ஆனால் யூரியா யாரையும் பேர் கேட்டுக் கொடுப்பதில்லை. கிணற்று மூலையை இன்பமணி கொத்துவதற்குள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. அதனால் என்ன என்று ஏசுவடியான் அங்கேயும் யூரியா வைத்திருந்தார். சாரணையும் கோரையும் அதை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டன. நிலமெல்லாம் சோளம் நெஞ்சுக்கு நிற்க, அந்த மூலையில் மட்டும் கோரை முழங்காலுக்கு மேலே வந்து, சாரணை கொழுத்துக் கொழுத்துத் தரையையே மறைத்து, நடுவில் சோளம் பந்தி முடிந்து வந்த விருந்தாளி மாதிரி மஞ்சளாக நின்றது. அதைப் பார்க்கவும் ஏசுவடியானுக்கு மலைப்பாகத்தான் இருந்தது. என்ன பசி இந்தச் செடிகளுக்கு. ஒரு சிட்டிகைக்கு என்ன சண்டை.

ஞானபாக்கியம் தினமும் வரத் தொடங்கினாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து அந்த மூலைக் கோரையைக் கிழங்கோடு பிடுங்கினாள். ஒரு கிழங்கு விட்டால் பத்தாய் வரும் என்று மண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். மூன்று உப்பு வரிசைகளையும் அவளே பார்த்துக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரை அந்த வரிசைகளில் விட்டு விட்டுக் கழுவினாள். அவற்றில் இலையோரம் தீப்பட்ட கடுதாசி மாதிரி சுருண்டிருந்தது. சில செடி செத்தது. சாகாதது, மற்ற செடிகளின் தோளுக்குக் கீழே, சின்னதாக, பிடிவாதமாக நின்றது. அவற்றுக்கும் சிட்டிகை வைத்தாள். பச்சை மெதுவாகத்தான் ஏறியது. ஏறியது.

"புள்ளச் சோளம்," என்பாள் அவற்றைத் தடவியபடி. பேபி கார்ன் என்று அவள் வாயில் ஒரு தடவையும் வந்ததில்லை.

*

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆவுடையப்பன் வந்தார். துவைத்த வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நல்ல காரியம் பேச வருகிற மாதிரி வந்தார். ரோட்டில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறியவர், ஏறிய இடத்திலேயே நின்றார்.

தன் பாத்தியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தால் எப்போதும் ரோட்டில் போகிற பஸ் தெரியும். இப்போது பஸ் தெரியாமல்போய்ச் சில நாளாகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னால் ஒரு பச்சைச் சுவர். அதற்கு மேலே வெளிர் மஞ்சள் கொண்டை கொண்டையாக ஆண்பூக்கள் விரியக் காத்துக்கொண்டிருந்தன. கடல் காற்று வந்தபோது முழு நிலமும் ஒரே ஆளாக மூச்சு விட்டது.

"இந்த இடத்துலயா?" என்றார்.

"இன்னும் பைய வளருன்னுதான் சொல்லிட்டிருக்கேன் அண்ணாச்சி," என்றார் ஏசுவடியான். "ப்ளேன்காரன் கம்ப்ளெய்ன்ட் பண்ணுதான்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சுவருக்குள் கையை விட்டு ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"அக்கா இல்லியா?"

"உள்ள நிக்கா. ஆண்பூ ஒடிக்கா. அது விரிஞ்சு தூளு விழுந்திச்சின்னா கதிரு முத்திப் போகும். அதுக்குள்ள ஒடிச்சிரணும்."

ஞானபாக்கியத்தைப் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. பிடித்து மேலே இழுத்தால் ஆண்பூ 'டொக்' என்று கழன்று வருகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு 'டொக்'.

ஏசுவடியான் தோளில் கிடந்த துண்டை விரித்தார். அதில் அன்றைக்குக் காலையில் ஒடித்த முதல் கதிர்கள் கொஞ்சம். பட்டு நூல் எட்டிப் பார்த்த உடனே ஒடித்தவை. தோலை உரித்து, நூலைத் தள்ளி, சுண்டுவிரல் மொத்தத்தில், பால் நிறத்தில் ஒன்றை எடுத்து ஆவுடையப்பனிடம் நீட்டினார். அந்த உப்பு வரிசையில் பிழைத்ததிலிருந்து வந்தது அது. அதை அவர் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் பச்சையாகவே கடித்தார். மெதுவாக மென்றார். கடல் பக்கமும் பார்க்காமல், சோளத்தின் பக்கமும் பார்க்காமல், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு மென்றார்.

"உப்பு பத்தாது அண்ணாச்சி," என்றார்.

"வச்சேன். அவ எடுத்துட்டா."

இப்போது ஆவுடையப்பன் சிரித்தார். சிரித்தபடியே இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். அதையும் தின்றுவிட்டு, வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரப்பில் வைத்துவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"அக்கா, நான் ஆவுடையப்பன் வந்திருக்கேன். பண்டிகைக்கு ஒரு வாரந்தான இருக்கு, ஒரு பதில் கேட்டுட்டுப் போலாம்னு."

'டொக்' நின்றது. பச்சைக்குள் எந்த இடம் என்று தெரியாத இடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"வாங்க அண்ணாச்சி. நிழலாப் பாத்து இருங்க. இந்த வரிசை முடியட்டும்."

இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். ஏசுவடியான் எதையாவது சொல்ல வாயைத் திறந்தார். ஆயுளில் முதல் தடவையாக, சொல்லப்போவதைவிடப் பெரிதாக எதிரில் ஒன்று நின்றதால், மூடிக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் உப்பு அம்பாரங்கள் வெயிலில் வெள்ளையாகக் காய்ந்தன. முன்னால், சுவரின் உச்சியில் ஒரு மஞ்சள் கொண்டை லேசாக நடுங்கி, உள்ளே இழுபட்டு மறைந்தது. பக்கத்துக் கொண்டை நடுங்கியது. அது மறைந்தது. அப்படியே ஒவ்வொன்றாக அந்த நடுக்கம் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வரிசை முடிந்தது. இருவரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அடுத்த வரிசையின் முதல் கொண்டை நடுங்கத் தொடங்கியது.